ஆற்றில் கிடத்திய மரம்

அண்ணன் டூகலை அடிக்க வேண்டும் என்று நான் போகவில்லை. ரம்பச் சத்தம் கேட்டது, ஓடினேன், அவ்வளவுதான்.

பரம்பரையாக இந்த ஸ்காட்லாந்து மலையில் சால்மன் ஆற்றைக் காக்கிறவர்கள் நாங்கள். என்ன பெரிய காவல்? தூண்டில் போட வரும் லண்டன் துரைமாரின் முள் சிக்கக் கூடாது என்று விழுந்த மரத்தையெல்லாம் இழுத்து வெளியே போடுவது. சுத்தமான ஆறு என்று மார்தட்டிக்கொண்டோம். மண்ணாங்கட்டி! மரம் போனதும் வெள்ளம் கூழாங்கல்லை வாரிக்கொண்டு போனது. மீன் முட்டையிட இடமில்லை. செய்த பாவத்தைக் கழுவத்தான் நான் இரண்டு வருஷமாக மலையில் கன்று நட்டு, ஆற்றில் மரங்களை வேரோடு கிடத்தினேன். துரைமார் இரண்டு பேர் தூண்டில் அறுந்து கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தான்.

இந்த நவம்பரில் ஒரே ஒரு பெட்டை மீன் ஏறி வந்தது. நான் கிடத்திய பெரிய பைன் மரத்துக்குக் கீழே சேர்ந்திருந்த கூழாங்கல்லில் வாலால் குழி பறித்து முட்டையிட்டது. மேலாறு முழுக்க அந்த ஒரு குழிதான்.

அந்த மரத்தைத்தான் அவன் அறுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நிறுத்து! கீழ முட்ட இருக்கு!"

"முட்டையாம் முட்ட! குப்பையக் கொட்டி ஆத்த நாறடிச்சுட்டு, பேச வந்துட்டான். அப்பா இருந்திருந்தா ஒன்ன உயிரோட பொதச்சிருப்பாரு."

அவனைக் கரைக்கு இழுத்து மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது. அவன் பூட்ஸ் காலால் என் விலாவில் உதைத்தான். சேற்றில் கட்டிப் புரண்டோம். கல்லை எடுத்து என் வாயில் அடித்தான். இரண்டு பல் போயிற்று. நான் எழுவதற்குள், ரத்தம் ஒழுக ஆற்றில் இறங்கி மிச்சத்தையும் அறுத்துவிட்டான்.

விடுபட்ட மரத்தைத் தண்ணீர் சுழற்றி அவன் மேல் அடித்தது. காலைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் கரை வரை கேட்டது. தண்ணீர் அவன் மோவாய்க்கு ஏறியது.

"லாக்கி! காலு போச்சுடா! இழுடா!"

நான் மரம் இழுக்கிற டிராக்டர் கீழ்க்கரையில் நின்றது. சங்கிலி மாட்டி இழுத்தால் மரம் முட்டைக்குழியை உழுதுகொண்டுதான் வரும். வேறு வழியில்லை. பொய் சொல்ல மாட்டேன், மூழ்கித் தொலையட்டும் என்று ஒரு கணம் நின்றேன். அவன் வாய்க்குள் தண்ணீர் போனது. சங்கிலியை மாட்டினேன்.

மரம் குழியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆரஞ்சு நிற முட்டைகள் கிளம்பி, அவன் ரத்தத்தினூடே உருண்டன.

டூகல் கரையேறவில்லை. உடைந்த காலை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முட்டைகளை அள்ளினான். விரலிடுக்கில் நழுவின.

"இத்தனையாடா? இத்தன இருந்துச்சா?" என்று கத்தினான். "மரமாட்டம் நிக்கிறியே மடையா, வாளி எடுத்துட்டு வாடா!"

கரு முற்றாத இந்தப் பருவத்தில் புரண்ட முட்டை பிழைக்காது. எனக்குத் தெரியும். வாளிக்கு ஓடினேன்.