ராத்தா மறுத்த ஊசி

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதைக் கணவன் அஷ்ரப்பிடம் சொன்ன கையோடு ஹுஸ்னியா இதையும் சொன்னாள்: "சோதிக்கிறம் எண்டு இதில ஊசி மட்டும் குத்த விடமாட்டன், மச்சான்."

அவள் ராத்தா என்று அழைக்கும் அக்கா பரீதாவும் தன் மார்பில் கட்டி வந்தபோது அப்படித்தான் சொன்னாள். ஊசி குத்தினால் வியாதி உடம்பெல்லாம் பரவும் என்று கிண்ணியாவில் யாரோ சொன்னதை நம்பி, கசாயம் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள். போன வருடம் நோன்பு மாதத்தில் அவளை அடக்கம் செய்தார்கள்.

"ராத்தாக்குக் குத்தாமலேதானே பரவின?" என்று மட்டும் அஷ்ரப் கேட்டான்.

மறுநாள் காலையில் ஹுஸ்னியா அபாயாவை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க, பஸ் போயிரும்" என்றாள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் நிரோஷினி இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டுத் தடித்த ஊசியை இறக்கினார். அதன் விசை டக்கென்று அடித்தது. ஹுஸ்னியா கண்ணை மூடிக் கலிமா சொன்னாள். முடிந்ததும் சிறு போத்தலைக் காட்டினார்கள். உள்ளே சேமியாபோலச் சில சதைத் துண்டுகள்.

"இவ்வளவுதானா?"

"ஓம். இது காணும். என்ன கட்டி, உடம்பில ஊறுற ஹோர்மோனைப் பிடிச்சு வளருதோ எண்டெல்லாம் இதிலயே சோதிக்கலாம்."

முடிவு வர வாரங்கள் சென்றன.

"புற்றுநோய்தான்," என்றார் டொக்டர், மறைக்காமல். "ஹோர்மோன் சோதனை பொசிட்டிவ்."

அஷ்ரப்பின் முகம் செத்துப்போயிற்று. கொரோனா காலத்தில் 'பொசிட்டிவ்' என்ற சொல்லோடு கொண்டுபோகப்பட்ட அவன் வாப்பா திரும்பி வரவில்லை.

"இல்லை, இதில அது நல்ல செய்தி. ஒப்பரேசனுக்குப் பிறகு அந்த ஹோர்மோனை மறிக்கிற குளிசை தரலாம், வாயால விழுங்கிறதுதான். கனகாலம் போடவேணும். ஆனா இப்பிடியான கட்டி அதுக்குக் கேக்கும், அடங்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் அஷ்ரப்.

ஹுஸ்னியா அப்போதுதான் அழத் தொடங்கினாள். "ராத்தாக்கும் இந்தக் குளிசை கேட்டிருக்குமா டொக்டர்?"

நிரோஷினி ஃபைலை மூடினார். "தெரியாதம்மா. அவவின்ர கட்டியை ஒருத்தரும் சோதிக்கேல்லையே."

குளிசை கேட்டிருக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தாலும், கேட்டிருக்காது என்று சொல்லியிருந்தாலும் ஹுஸ்னியா தாங்கியிருப்பாள். தெரியாது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒப்பரேசன் புண் ஆறியதும் ஹுஸ்னியா ராத்தாவின் மகள் மின்ஹாவிடம் போனாள். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் ஒருக்கா டொக்டரிட்ட வந்து காட்டு மகள்."

"எனக்கு ஒண்டுமில்ல, சாச்சி."

"இல்லாட்டி நல்லம். இருந்தா அது என்னண்டு தெரியவேணும். ஒன்ட உம்மாக்கு அதுகூடத் தெரியாமப் போச்சு."

மடித்த உடுப்பை மின்ஹா ஒருபக்கம் வைத்தாள். பிறகு, "என்ன கிழமை கிளினிக்?" என்று கேட்டாள்.