உப்புக் கை

முந்நூறு பேருக்குச் சமைக்கிற கை அது. ஆலை கேன்டீனில் அவர் வைத்ததுதான் ருசி. அப்பேர்ப்பட்டவருடைய சமையலை வீட்டில் எட்டு மாத மகள் துப்பித் தள்ளினாள். பேருக்குத்தான் அவள் குண்டு. தூக்கினால் கையில் கனமே தெரியாது.

டாக்டர் சொன்னது அவர் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. இனிப் பால் மட்டும் போதாது. கோழிக்கறியையும் காய்கறியையும் மசித்துக் கொடுங்கள், உப்பு மட்டும் வேண்டாம். தேறாவிட்டால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும்.

இன்று கேரட்டும் கறியும் குழைய வெந்ததும் மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, ஆறவைத்து ஊட்டினார். குண்டு வாயைத் திறந்தாள். இரண்டாவது ஸ்பூன். மூன்றாவது.

"சாப்பிடுறா, வந்து பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டவர் திடீரென ஸ்பூனைக் கீழே வைத்தார். மேடையில் உப்பு ஜாடி திறந்து கிடந்தது. பானை மூடியைத் திறந்தால் அவர் கை தானாக உப்புக்குப் போகும். அத்தனை வருடப் பழக்கம். கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்புதான், சந்தேகமே இல்லை.

"உங்க கையக் கட்டிப் போட்டுட்டுத்தான் அடுப்புகிட்ட விடணும் போல," என்ற மனைவி டாக்டருக்கு போன் போட்டாள். மூன்று ஸ்பூனுக்கு ஒன்றும் ஆகாது, இனிமேல் போடாதீர்கள் என்றார் அவர். அதன் பிறகுதான் இவருக்கு மூச்சே வந்தது.

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். மனைவி உப்பு ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவலுக்கு நின்றாள். ஆனால் இந்த முறை ஸ்பூனைக் கண்டதும் குண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உப்புக்குத்தான் தின்னிருக்கா. நானே ருசி காட்டிக் கெடுத்துட்டேன்." அவருக்கு அழுகை முட்டியது.

தன் கை மேல் நம்பிக்கை போய்விட்டது. கையை நன்றாகக் கழுவி, மறுபடி உள்ளங்கையில் விட்டு நக்கினார். உப்பில்லை. சந்தேகம் தீராமல் இன்னொரு சொட்டு விட்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்த குண்டு, இரண்டு கையாலும் அவர் கையை இழுத்து உள்ளங்கையில் வாயை வைத்தாள். நக்கி முடித்ததும் இன்னும் வேண்டும் என்று அவர் கையைத் தட்டினாள். அவர் ஒரு ஸ்பூன் ஊற்றினார். அதுவும் போனது. அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து கையை அப்படியே வைத்திருந்தார்.

கிண்ணம் பாதி காலியானது. மனைவி இன்னும் ஜாடியைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு நீங்க வேலைக்குப் போயிட்டா இந்தக் கைக்கு நான் எங்க போறது?"

"லீவு சொல்லிடு," என்றார் அவர். "முந்நூறு பேரும் ஒரு நாள் உப்பில்லாமச் சாப்பிடட்டும்."