பதில் வராத புது முகவரி

சாரம் பகுதியில் என் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். துணிப் பொம்மைகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். அரியாங்குப்பத்திலிருந்து அன்னக்கிளி அக்கா வந்து தைத்துக் கொடுக்கும். வாங்குகிறவர் ஒரே ஒருவர், பிரான்சில் கடை வைத்திருக்கும் எலேன் அம்மையார். அவருடைய கிறிஸ்துமஸ் ஆர்டரில்தான் எனக்கும் அக்காவுக்கும் வருஷம் ஓடுகிறது.

2006 ஜூனில் சொந்த டொமைன் வாங்கினேன். இலவச மெயிலில் வியாபாரம் செய்தால் மதிப்பில்லை என்றார்கள். புது முகவரியிலிருந்தே எலேனுக்கு எழுதினேன், இனி இதற்கே எழுதவும் என்று. பழையதைத் திறப்பதை அன்றோடு விட்டேன்.

பதில் இல்லை. பொம்மைகளின் படங்களை அனுப்பினேன். அதற்கும் இல்லை. ஒருவர் பேசாமல் இருந்தால் மேலே விழுந்து கேட்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். போன் செய்யவும் தயக்கம். ஆங்கிலம் எழுத வரும், பேச நாக்கு எழாது.

"இன்னா சித்ரா, பிரான்சுக்காரி ஒன்ன கைகழுவிட்டாளா?" என்று அக்கா சீண்டும். அது பஸ் ஏறிப் போய்விட்டால் வீட்டில் வேறு குரல் கிடையாது. வெறும் இன்பாக்ஸைத் திறந்து திறந்து மூடுவேன்.

டொமைன் போட்டுக் கொடுத்த புருஷோத்தமனைச் செப்டம்பரில்தான் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"தெரிஞ்சவங்க யாருக்காவது ஒரு மெயில் அனுப்புங்கக்கா. வந்துச்சான்னு கேப்போம்."

யாருக்கு என்று யோசித்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை. என் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டேன்.

"ஸ்பேம்ல பாருங்க."

இருந்தது. லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தலை மருந்துக்கும் நடுவில்.

"நல்ல சகவாசம்தான்" என்று சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "எங்கேருந்து உங்க மெயில் கெளம்பும்னு டொமைன்ல ஒரு வரி எழுதி வெக்கணும். நான் வெக்காம வுட்டுட்டேன். அது இல்லன்னா, வேற யாரோ உங்க பேரப் போட்டு அனுப்புறாங்கன்னு வாங்குறவங்க மெயிலே ஸ்பேமுக்கு ஒதுக்கிடும். தலைப்பு வேற முழுசா கேப்பிட்டல்ல கத்துது."

ஆங்கிலக் கடிதத்தில் விஷய வரியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லித்தான் பள்ளியில் பழக்கினார்கள்.

அந்த வரியைச் சேர்த்துவிட்டு, நாளையிலிருந்து சரியாகப் போகும் என்று சொல்லிக் கிளம்பினான். பழைய முகவரி திறந்தபடி இருந்தது. இன்பாக்ஸுக்குப் போனேன். எலேனின் கடிதங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

புது மாதிரிகள் உண்டா? ஏன் பதில் இல்லை? கடைசிக் கடிதம் போன வாரத்தது: இனிக் காத்திருக்க முடியவில்லை, இந்த வருட ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அது போகட்டும், நீங்கள் நலமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நான் நாளைலேர்ந்து வர வேணாமா?"

"வேணாங்க்கா."

"நீ ஒண்டியா இன்னா பண்ணுவ?"

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அக்கா போனதும் எலேனுக்கு எழுத உட்கார்ந்தேன். நடந்ததை வரிசையாக எழுதினேன். ஸ்பேமில் தேடிப் பார்க்கவும், புது முகவரியைத் தொடர்புகளில் சேர்க்கவும் கேட்டேன். நான் நலம் என்று முடித்தேன். அவர் கேட்டது அது ஒன்றைத்தானே என்று தோன்றியது. அந்த வரியை மேலே ஏற்றி, பழைய முகவரியிலிருந்தே அனுப்பினேன்.