மூத்த மருமகள் பேசமாட்டாள்

முதலாளியின் மச்சான் ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பிறகுதான் அந்தத் தொலைக்காட்சித் தொடருக்குச் சனி பிடித்தது. போகும்போது வீட்டில் அக்கா போட்ட சோற்றைத் தின்றுகொண்டு சும்மா இருந்த மனிதர். திரும்பி வரும்போது மனித குலத்தையே பதினாறு பெட்டிகளில் அடைக்கத் தெரிந்தவராக வந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் நாலெழுத்து. போதாததற்கு ஒன்பது எண்கள் வேறு. எழுத்துக்குத் தப்பியவன் எண்ணில் மாட்டுவான். படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு ‘வகையார்’ என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அவர் சார்தான். முதலாளியின் மனைவியினுடைய ஒரே தம்பி ஆயிற்றே.

தொடருக்கு வசனம் எழுதும் அம்மாளை எல்லாரும் வசனக்கா என்பார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் எழுதிய கன்னத்து அறைகளைச் சேர்த்தால் ஒரு படையையே வீழ்த்தலாம். அத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது ஒரே ஒரு காட்சிக்காக. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து பரிமாறிக்கொண்டே நிற்கும் மூத்த மருமகள் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசுவாள். அந்தப் பேச்சு எழுதியாகிவிட்டது. படம்பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் வகையார் கூட்டம் போட்டார்.

அலுவலக அறையில் வெள்ளைப் பலகை. பாத்திரங்களின் புகைப்படங்களைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொன்றின் நெற்றிக்கு மேலும் நாலெழுத்து எழுதியிருந்தார். மூத்த மருமகளின் படத்தைக் குச்சியால் தட்டினார்.

“வாரக்கணக்கா இவங்க ஒரு வார்த்தை பேசல. வெறும் பார்வை. என்ன ஆழம் பாருங்க! முழுக்க முழுக்க உள்முகம்.”

“அந்த நடிகைக்கு அப்ப தாடையில கம்பி கட்டியிருந்தாங்க சார். குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. வாயைத் திறக்க முடியாதுன்னுதான் அக்கா பார்வையாவே எழுதினாங்க” என்றார் டைரக்டர்.

அறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். வகையார் அசரவில்லை.

“அது மேலோட்டமான காரணம். தாடை ஏன் உடையணும்? கை உடைஞ்சிருக்கலாமே? பேசப் பிடிக்காத மனசு உடம்பையும் இழுத்துக்கிட்டு விழுந்திருக்கு.”

“விழுந்தது நடிகை, தம்பி. நீங்க அலசுறது பாத்திரம்” என்றார் வசனக்கா.

“ரெண்டும் வேறன்னு நினைக்கிறதுதான் பாமரத்தனம்.”

வசனக்கா அந்தப் பட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு கடைசியில் வந்தது. இப்பேர்ப்பட்ட உள்முகப் பிறவி குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசினால் அது வகைக்கு விரோதம். ஆகவே அந்தப் பேச்சு முழுவதும் இளைய மருமகளுக்குப் போக வேண்டும். அவள் வெளிமுகம், ஏழாம் எண், பேசவே பிறந்தவள். மூத்தவள் வழக்கம்போல நின்று பார்க்கட்டும்.

“இளையவ இதுவரைக்கும் ஓயாம பேசிக்கிட்டேதான் இருக்கா தம்பி. அவ இன்னொரு தடவை பேசினா எவன் கேப்பான்? மூத்தவள நான் எழுதினேன். அவ பேசுவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாதா?”

“எழுதினவங்களுக்குத்தான் கடைசியாத் தெரியும். நீங்க நாலாம் எண் அக்கா. அதான் கோபம் வருது.”

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். இங்கே மச்சானை மறுத்துவிட்டு இரவு வீட்டுக்குள் நுழைவது எப்படி என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“மச்சான் சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கேக்கா. நாளைக்குக் காட்சியை மாத்திக் குடுத்துடுங்க.”

மறுநாளைக்குள் தளத்திலும் நோய் பரவிவிட்டது. மாமனார் வேஷக்காரர் அழ மறுத்தார்: “நான் சிந்தனை வகை. சிந்திச்சுத்தான் அழுவேன்.” கிளிசரின் போட்டும் சிந்தித்தார். ஒப்பனைக்காரர் நேரங்கழித்து வந்து, தன் எழுத்துகளில் நேரந்தவறாமை கிடையாது என்றார். எல்லாவற்றையும்விடக் கேவலம், மூத்த மருமகளாக நடிப்பவரே வசனக்காவின் கையைப் பிடித்துக்கொண்டதுதான்.

“அக்கா, நான் உள்முகமாம். நெசமாவே என்னால பேச முடியுமான்னு பயமா இருக்கு.”

“காலையில ஆட்டோக்காரர்கிட்ட நீ போட்ட சண்டை மூணாவது மாடிக்குக் கேட்டுச்சு. போய் வசனத்தைப் படி.”

வசனக்கா நேரே முதலாளியின் அறைக்குப் போனார். வகையாரும் அங்கேதான் இருந்தார், அங்கே இருப்பதுதானே அவர் உத்தியோகம். இந்த ஆளிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று கூட்டத்திலேயே தெளிந்துவிட்டது. இவருக்கு இவர் பாஷைதான் சரி.

“தம்பி சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். அத்தனையும் சரி. ஒரு சந்தேகம் மட்டும். கொதிநிலைப் பிரிவைக் கணக்குல எடுத்தீங்கதானே?”

அப்படியொரு பிரிவு உலகத்தில் கிடையாது. மாடிப்படி ஏறும்போது வசனக்கா கட்டியது.

வகையார் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தார். மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“எடுக்காம? முதல்ல அதைத்தான் எடுத்தேன்.”

“அப்ப ரொம்ப நாள் அடங்கிக் கிடக்கிற உள்முகம் ஒருநாள் பொங்கி, வெளிமுகத்தைவிட அதிகமா பேசும்...”

“பேசியே தீரும்! மாமா, இதைத்தான் நேத்தே சொல்லணும்னு இருந்தேன். கூட்டத்துல இருக்கிறவங்களுக்குப் புரியாதேன்னு விட்டேன்.”

முதலாளிக்கு உயிர் வந்தது. “அப்ப மூத்தவளே பேசட்டும். இவ்வளவுதானே!”

இவ்வளவுடன் விட்டிருந்தால் அவர் வகையார் ஆவாரா? மறுநாள் தளத்தில் புகை இயந்திரம் வந்து இறங்கியது. கொதிநிலை என்றால் ஆவி பறக்க வேண்டுமாம். சாப்பாட்டு மேசைக்கடியில் அதை வைத்து முடுக்கினார்கள். குடும்பமே மேகத்துக்குள் உட்கார்ந்தது. சிந்தனை வகை மாமனார் முதல் ஆளாக இருமினார். இளைய மருமகளின் தலை மட்டும் தெரிந்தது. டைரக்டர் வசனக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார். நிறுத்தச் சொன்னால் வகையார் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அது புகையைவிட ஆபத்து. வசனக்கா கையை ஆட்டினார்: எடுங்கள்.

மூத்த மருமகள் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

“எனக்குப் பசிக்குது. இத்தனை வருஷத்துல நீ சாப்பிட்டியான்னு இந்த வீட்டுல ஒரு ஆள் கேக்கல. நானும் கேப்பீங்க கேப்பீங்கன்னு நின்னுட்டேன். இனிமே நிக்கமாட்டேன். யாருக்கு என்ன வேணுமோ, எந்திரிச்சுப் போய் எடுத்துக்கோங்க.”

புகையில் அவள் கண் எரிந்து நீர் வழிந்தது. துடைக்காமல் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். மாமனார் இருமலை மறந்து பார்த்தார். விளக்குக்காரர் விளக்கைப் பிடித்தபடியே மூக்கை உறிஞ்சினார். டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்து, அவள் இரண்டு வாய் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்.

“பாத்தீங்களா மாமா? நான் வகுத்தது அப்படியே வந்திருக்கு!” வகையார் கை தட்டினார். முதலாளி அவர் முதுகில் தட்டினார். அடுத்த தொடருக்கும் இவரே அலசுவார் என்று அங்கேயே அறிவிப்பும் ஆயிற்று.

வசனக்கா அடுத்த காட்சியின் தாள்களை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே வகையார் ஓடிவந்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா... அந்தக் கொதிநிலைப் பிரிவுல மொத்தம் எத்தனை படி?”

வசனக்கா ஒரு நொடி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அந்த முகத்தில் அதை வைக்க இடமில்லை.

“ஆறு தம்பி. ஆறாவது படிக்கு வந்தவங்களுக்கு மத்தவங்க சொல்றது எதுவுமே காதுல ஏறாது.”

“அடேயப்பா! நான் எத்தனாவதுல இருக்கேன்?”

“பிறக்கும்போதே ஆறாவது.”

வகையார் உச்சி குளிர்ந்து, தன் உடன்பிறந்த அக்காவுக்குச் செய்தி சொல்ல ஃபோனை எடுத்தார்.