11/4-க்கு அப்பால் இரண்டு கல்

1

இந்தக் கதை ஓர் அலுவலகக் கடிதத்திலிருந்து பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலைத் துறையில் நான் வரைதொழில் அலுவலர். சாலைகளை அளப்பதும் வரைவதும் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலை. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். பதினேழு வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையில் நான் அளந்த ஒரு சாலையைப் பற்றி எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். விளக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன், கதையாக வந்துகொண்டிருக்கிறது.

முதல் தொடக்கம்: "மலை என்றாலே அவளுக்கு ஒரு

[வேண்டாம். மலை என்றாலே எனக்கு வளைவுகளில் வாந்தி வரும். அவ்வளவுதான்.]

இரண்டாவது தொடக்கம்: "செபாஸ்தியான் ஒரு சாலைப் பணியாளர்." இது இருக்கட்டும்.

2

செபாஸ்தியானுக்கு முன் சாலைகளின் வரிசையைச் சொல்லியாக வேண்டும். மேலே தேசிய நெடுஞ்சாலை, அதற்கு மஞ்சள் தலை மைல்கல். அடுத்து மாநில நெடுஞ்சாலை, பச்சைத் தலை. பிறகு மாவட்ட முக்கியச் சாலை. அதற்கும் கீழே மாவட்ட இதர சாலை. இவையெல்லாம் எங்கள் துறை. மிச்சமுள்ளவை ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும். 'இதர' என்று பெயர் வைத்தவர் மலைப்பக்கம் வந்தே இருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், மரவள்ளி லாரி இறங்குவதும், கல்யாண வேன் ஏறுவதும் அந்த இதரத்தில்தான்.

ஒன்றியச் சாலை ஒன்று தரம் உயர்ந்து எங்களிடம் வரும்போது புதிதாக அளப்போம். எங்கள் பதிவேட்டில் ஏறியதும் ஒன்றியம் தன் பதிவேட்டில் அந்தச் சாலையை அடித்துவிடும். பதிவேட்டில் இருக்கும் நீளத்துக்குத்தான் தார், ஜல்லி, ஆள் எல்லாம். இல்லாத நீளத்துக்கு எதுவும் கிடையாது.

3

அது மே மாதம். நைனார்பாளையத்துக்காரரான செபாஸ்தியான் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவார், நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நடப்பேன். இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று சுண்ணாம்பில் குறி போடுவார், பின்னால் அங்கே கல் நடுவதற்கு.* வழியெல்லாம் பலாப்பழ வாசனை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் போடும் கோடுதான் சாலை என்று ஒரு திமிர் இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

[* 11/4 என்றால் பதினோரு கிலோமீட்டரும் நானூறு மீட்டரும். அடுத்த கல் 11/6, அதற்கடுத்தது 11/8.]

11/4-ல் பச்சையம்மாள் என்பவரின் வீடு. எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார்.

"சோறு துன்னுட்டு அளங்க. ரோடு எங்கயும் ஓடிடாது."

சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். அதற்குப் பிறகு எத்தனையோ கெஸ்ட் ஹவுஸில் சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி வாய்க்கவில்லை. நாலு மணிக்குக் கடைசி பஸ். வயிறு நிறைந்ததும் எங்கள் இருவருக்கும் நடக்க மனம் வரவில்லை. சாலை 11/4-ல் முடிகிறது என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டோம். மிச்சத்தை அடுத்தமுறை சேர்க்கலாம் என்று நினைத்தேன், அடுத்த மாதமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

4

சாலை உண்மையில் 11/8-ல் முடிகிறது. அங்கேதான் ஊர் இருக்கிறது. ஒன்றியம் முழுச் சாலையையும் அடித்துவிட்டது. நாங்கள் 11/4 வரைதான் ஏற்றினோம். மீதி நானூறு மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது.

பதினேழு வருடங்களாக அந்த நானூறு மீட்டரை செபாஸ்தியான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்து முள்ளை வெட்டுவது, மழைக்குப் பிறகு குழியை அடைப்பது எல்லாம் அவர்தான். இந்த வருடம் ஜிபிஎஸ் வைத்து அளக்க வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். துறையின் தாரையும் ஜல்லியையும் துறைக்குச் சொந்தமில்லாத இடத்தில் போட்டதாக அவருக்கு மெமோ. இந்த மாதம் முப்பதாம் தேதி அவருக்குப் பணி ஓய்வு. குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் ஓய்வுபெற விடமாட்டார்கள். விசாரணை வியாழக்கிழமை.

5

போன் செய்தேன். அவர் மகள் எஸ்தர் எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"அது நம்ம ரோடு இல்லைன்னு தெரியாதா செபாஸ்தியான்?"

"தெரியுங்க மேடம். நாமதான வுட்டுட்டு வந்தோம். அந்தம்மா வூட்டுல துன்னுட்டு, அவங்க வூட்டுக்கு அந்தாண்ட மட்டும் குழியா வுட்டா நல்லாவா இருக்கும்?"

அவரே தொடர்ந்தார்.

"நீங்க ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க. சக்கரம் என் கையிலதான இருந்துச்சு. ரோடு இங்கியே முடிஞ்சிபோச்சுன்னு நான்தான் சொன்னேன்னு எழுதிடுங்க. நான் போற ஆளு. உங்களுக்கு சர்வீஸ் கீது, ப்ரமோசன் கீது."

"அதுக்கு உங்களுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"பாத்துக்கலாங்க."

6

இப்போது முடிவுகள்.

ஒன்று: அவர் சொன்னபடியே எழுதிவிடுகிறேன். என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருடம் சாலையை வெயிலிலும் மழையிலும் பார்த்துக்கொண்ட மனிதர், பொய்யளவு சொன்னவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவார்.

இரண்டு: நானும் அவரும் சேர்ந்து செய்த தவறு என்று எழுதுகிறேன். ஆளுக்குப் பாதி. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. மூன்றாம் பகுதியில் உங்களிடம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

[அந்த வரியை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. நான் எப்படி எழுதுவேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.]

7

நடந்தது இது. சாப்பிட்டுக் கை கழுவியதும் செபாஸ்தியான் சக்கரத்தை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கல்லு பாக்கி கீதுங்க மேடம். நீங்க நெழல்ல குந்துங்க, நான் தள்ளிக்கினு போயி நம்பர் சொல்றேன். பத்து நிமிசம்."

"போதும் செபாஸ்தியான். பஸ் போயிடும்" என்றேன்.

பஸ் வர அப்போது இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்குத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான் காரணம். அவர் ஊர்ப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு சக்கரத்தைக் கீழே வைத்தார்.

விளக்கக் கடிதத்துக்கான தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இங்கே எழுதிய இதை அங்கேயும் எழுதுவேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. இந்தக் கதைக்கு வியாழக்கிழமை வரை முடிவு கிடையாது.

இதுவரை இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் சொல்ல மாட்டார். மூன்றாவது ஆள் நீங்கள்.