இடது காதில் இரண்டு கீறல்

மதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சீனித்தாய் அண்ணாந்தே நடந்தாள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து தெற்குக் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணினாள். மூன்றாவது நிலையில் சந்தேகம் வந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"ஏட்டி, எண்ணி யாருக்கு ஒப்பிக்கப் போற? வா, பசிக்குது" என்றான் மணிராஜ்.

கல்யாணமான ஆறு வருஷமாக அவள் கேட்ட மதுரை இது. இப்போது வாய்த்ததற்குக் காரணம் ஒரு கிடா. போன வருஷம் மகள் உமாதேவி காய்ச்சலில் பிழைப்பாளோ என்று கிடந்தபோது கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், திங்கட்கிழமை பட்டியில் அதைக் காணவில்லை. கோவில்பட்டிப் பக்கம் பசுவந்தனைக் கரிசல் முழுக்க மூன்று நாள் தேடி, சோறு இறங்காமல் கிடந்தாள். "ஒரு நாள் ஊரைச் சுத்திட்டு வருவோம், மனசு தேறும்" என்று அவன்தான் கூட்டி வந்தான். மகளை அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள்.

"ஆட்டு யாவாரி கடற்கரை அண்ணாச்சி இந்தக் கடைக்கும் ஆடு போடுதாரு. குழம்பு அவ்வளவு ருசின்னு சொன்னாரு" என்று ஒரு கறி மெஸ்ஸுக்குள் நுழைந்தான்.

நான்கு நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

"நம்ம பக்கத்து ஆடுங்க இது. கரிசல் புல்லு தின்ன கறி நாக்குலயே தெரியும்" என்றாள்.

"பெரிய ஆளுதான் நீ" என்று சிரித்தான்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். குழாயடியில், தீயில் வாட்டுவதற்காகச் சாக்கின் மேல் ஐந்து ஆட்டுத் தலைகள் கிடந்தன. மூன்றாவதின் இடது காதில் இரண்டு கீறல்.

ஒரு கீறல் அவர்கள் பட்டி ஆடு என்பதற்கு. இன்னொன்று சாமிக்கு நேர்ந்ததற்கு. இருக்காது என்று திரும்பினாள். இரண்டு கீறல் யார் ஆட்டுக்கும் இருக்கலாம். ஆனால் சாமிக் கீறலைப் போட்டது அவள்தான். குட்டி துள்ளியதில் கத்தி கோணிவிட்டது. குத்தவைத்து, ஈரக்கையால் காதை விரித்துப் பார்த்தாள். கோணியிருந்தது.

அவள் விரல்களில் இன்னும் குழம்பு மணம் போகவில்லை.

"இங்கன என்ன செய்யுத?" என்று வந்த மணிராஜ், தலையைப் பார்த்ததும் நின்றான். நம்ம கிடாவா என்று அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

"நீங்களா?"

"மதுரை மதுரைன்னு கேட்டுக்கிட்டே இருந்தியேட்டி... கையில காசில்ல, அதான் வித்தேன். சாமிக்கு வேற குட்டி விட்டுக்கிடலாம்னு நினைச்சேன். கிடா இராமநாதபுரம் போகுதுன்னுதான் அண்ணாச்சி சொன்னாரு."

"நான் தேடுனப்போ கூடவே தேடுனீங்களே! பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே!"

அவள் எழுந்தாள். தலை வாட்ட வந்த ஆளிடம், "அண்ணே, இந்தத் தலையை எனக்குக் கொடுத்திருங்க" என்றாள்.

"ஏட்டி, என்ன இது? நாயக்கர் மகால் பாக்க வேண்டாமா?"

"வெட்டுனதும் தலை சாமி முன்னால போகணும். என் பிள்ளைக்கு நேர்ந்தது. நீங்க பாத்துட்டு வாங்க."

கோவில்பட்டி பஸ்ஸில், தலை இருந்த ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னாலேயே ஏறிய மணிராஜ் பக்கத்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு டிக்கெட்டாம்மா?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணு" என்றாள்.