புதன்கிழமை வேத வகுப்பு

புதன்கிழமை கடைசி பீரியட் மணி அடித்ததும் லைட்ஹவுஸ் குப்பத்தில் உள்ள எங்கள் சபைப் பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கு என்னிடம் வருவார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு சாந்தி டீச்சரிடம் போவார்கள். பிரியும் என்று சொல்வதுகூட ஒரு பெருமைக்குத்தான். இந்த வருடம் சாந்தி டீச்சரிடம் முப்பத்தேழு பேர். என்னிடம் ரோசி.

ரோசி ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மா எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். அதனால் குப்பத்திலேயே குடியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து அறையில் சாந்தி டீச்சர் கதை சொல்வார், விளையாட்டு வைப்பார், ஒரே சிரிப்பாக இருக்கும். நானும் ரோசியும், பெரிய மீன் விழுங்கிய யோனாவின் கதையைப் பாதியில் நிறுத்தி, அவரை மீன் வயிற்றிலேயே விட்டுவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் அவள் கண் கலங்கியிருந்தது. தூசி என்றாள். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன், எனக்கு அதுதான் வசதி.

என் பெயர் எப்சிபா. வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று வருத்தப்பட்ட அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அனுப்பம்பட்டில் தனியாக இருக்கிறேன். மற்ற நாட்களில் பொன்னேரி சபை ஆபீஸில் ஞானஸ்நான சர்டிபிகேட் எழுதுகிற வேலை. அங்கே வருகிறவர்கள் சர்டிபிகேட்டைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் டிவி பேசும், நான் கேட்பேன். நான் பேசி இன்னொருவர் உட்கார்ந்து கேட்பது வாரத்தில் இந்த நாற்பது நிமிடம்தான். அதற்காக பஸ் பிடித்து, பழவேற்காட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏரிப் பாலம் தாண்டி வருகிறேன்.

ஏப்ரலில் ரோசி ஐந்தாவது முடித்ததும் இந்த வகுப்பை மூடிவிடலாம் என்று எங்கள் ஆயர் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். ஒரு பிள்ளைக்காக உங்களுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்றார். நல்ல மனதோடு சொன்னார். நல்ல மனதோடு சொல்கிறவரிடம் சண்டை போடவும் முடியாது. எனக்கு அந்த அலைச்சல்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை, நாலாவது படிக்கிற அர்ச்சனா என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கடிதம். மற்ற மதத்துப் பிள்ளைகள் வேத வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கையெழுத்து வேண்டும் என்பதில் எங்கள் ஹெட்மாஸ்டர் வரதன் சார் கறார். கையெழுத்து இருந்தது. அர்ச்சனா நேராகப் போய் ரோசியை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு யோனா ஒருவழியாகக் கரை சேர்ந்தார்.

அடுத்த வாரம் அர்ச்சனா வரவில்லை, ராகுல் வந்தான். அதற்கடுத்த வாரம் பூவரசன். வாரம் ஒரு முகம், ஒரு கடிதம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் பாடம் ஊருக்குள் பேசப்படுகிறது என்று நினைத்தேன். சார்ட் பேப்பர் வாங்கிப் படங்கள் வரைந்தேன். சனிக்கிழமையே புதன்கிழமைக்குப் பேசிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. அக்டோபர் கடைசியில் ஆயரிடம் போய், பத்துப் பிள்ளைகள் விரும்பி வருகிறார்கள், எல்லார் வீட்டிலும் சம்மதம் என்று சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் கடைசிப் புதன்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன், பத்துப் பேர் உட்காருகிற வகுப்பென்றால் ஏன் மூடப் போகிறோம் என்றார்.

அடுத்த புதன்கிழமை வகுப்பு தொடங்குமுன் வராந்தாவில் கீதாவை நிறுத்தினேன். அவளும் நாலாவதுதான், செப்டம்பரில் ஒருமுறை வந்தவள். ஆயர் வருகிற அன்று பத்துப் பேரும் சேர்ந்து வர வேண்டும் என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் எப்டி டீச்சர் வர்றது? அன்னிக்கி விஜய் பாடு. என் பாடு பொங்கலுக்கு முன்னாடிதான் வரும்."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாதாம். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு நாள் முறை வைப்பார்களாம். அந்த முறைக்குப் பெயர் பாடு. எத்தனையோ வருடமாக இந்த ஏரியைத் தாண்டி வந்து போகிறேன், இதுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் நைனாவும் அப்படித்தான் வலை கட்டுகிறாராம். பிள்ளைகளும் அதையே செய்திருக்கிறார்கள்.

"ரோசி தனியா குந்திக்கினு அழுதுச்சி டீச்சர். அதான் துணைக்கி ஆளுக்கு ஒரு வாரம்னு சீட்டு போட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கடைசியில் வெட்கம்தான் மிஞ்சியது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஆயருக்குப் போன் செய்து, வர வேண்டாம், வேத வகுப்புக்கு ஒரே பிள்ளைதான், நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றேன். அவர் பரவாயில்லை என்றார். ஏப்ரலோடு முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மறு வாரம் மறுபடியும் கீதாவைப் பிடித்தேன். கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, கேட்டேவிட்டேன். அடுத்த வருடம் யாராவது வருவீர்களா என்று.

"ரோசிதான் ஆறாவதுக்குப் போயிடுமே. அப்பறம் யாருக்குத் துணையா டீச்சர் வர்றது?"

"எனக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளை எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் யோசித்து, மற்றவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் தீர்ப்புக்காக ஒரு பெரிய மனுஷி ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

புதன்கிழமை கீதா தானாகவே என்னைத் தேடி வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, முடிவைச் சொன்னாள்.

"மரத்தாண்ட கூட்டம் போட்டுப் பேசினோம் டீச்சர். உங்களுக்குப் பாடு வாணாம்னு சொல்ட்டாங்க. ரோசி சின்னப் பொண்ணு, அதுக்குத் துணை வேணும். நீங்க பெரியவங்க. வூட்டுக்குப் போனா உங்களாண்ட பேச ஆளு இருப்பாங்கல்ல?"

நியாயமாகத்தான் பேசியிருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிலுக்காக நின்றாள்.

"ஆமா கீதா. இருக்காங்க" என்றேன்.

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. சாந்தி டீச்சர் வகுப்புக்கு ஓடிவிட்டாள்.